ஆன்டீட்டம்: வெற்றியைக் கையில் வைத்திருந்த தளபதி

13 செப்டம்பர் 2025, சனி. வேலூர்

1862ஆம் ஆண்டின் கிழமைகள் இவ்வாண்டும் அப்படியே பொருந்துவதால், அமெரிக்க உள்நாட்டுப் போரின் மேரிலாந்துப் படையெடுப்பை அந்தந்த நாளிலேயே பின்தொடர்ந்து எழுதுகிறேன். இதே சனிக்கிழமை, ஃபிரெடெரிக் நகருக்கு அருகே, மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த தாள் ஒன்று வட மாநிலப் படைவீரர்களிடம் சிக்கியது. தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீ தம் படையைப் பிரித்து எங்கெங்கே அனுப்பியிருக்கிறார் என்பதைச் சொல்லும் 191ஆம் சிறப்பு ஆணை அது. அன்றே அது வட மாநிலத் தளபதி மெக்கிளெல்லனிடம் சேர்ந்தது. எதிரி சிதறிக் கிடப்பது எழுத்திலேயே தெரிந்தும், அதை நம்பி அவருடைய பெரும்படை புறப்பட்டது மறுநாள் காலையில்தான்.

15 செப்டம்பர், திங்கள்

சவுத் மவுன்டன் கணவாய்கள் நேற்றே வட மாநிலப் படை வசமாயின. ஆனால் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் முற்றுகைக்குள்ளான 12,000க்கும் மேற்பட்ட வட மாநில வீரர்கள் இன்று காலை சரணடைந்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலையே நகர்ந்திருந்தால் அவர்களை மீட்டிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

மெக்கிளெல்லன் ஆன்டீட்டம் ஓடைக்கு எதிரே நின்று இன்று முழுவதும் நோட்டமிட்டார். வேலூர்க்காரர் எவருக்கும் இங்கே, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களின் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி நினைவுக்கு வருவான். 1806 ஜூலை 10 அன்று, ஆற்காட்டிலிருந்து ஏறத்தாழ 16 மைல் குதிரையில் விரைந்து, பின்னால் வந்த பீரங்கிகளுக்கும் காத்திராமல் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டவன் அவன். நம் சிப்பாய்களைக் கொன்று குவித்தவனைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும் கோட்டையைப் பிடித்த பிறகு வாசல்களைக் காக்கத் தவறிய நம்மவரின் பிழையை அவன் வேகம் ஒரே காலையில் பயன்படுத்திக்கொண்டது.

17 செப்டம்பர், புதன்

ஆன்டீட்டம் ஓடைக்கரையில் நடந்த போரில் ஒரே நாளில் இருதரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும், காயமுற்றும், காணாமலும் போனார்கள். காலையில் வடக்கே சோளக்கொல்லையிலும், நடுப்பகலில் பள்ளச் சாலையிலும், பிற்பகலில் தெற்கே பாலத்திலுமாகத் தாக்குதல் துண்டு துண்டாகவே நடந்ததால், ஆள் குறைந்த லீயால் வீரர்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்த முடிந்தது. பாலத்தைக் கடக்கத் தாமதித்த வட மாநிலத் தளபதி பர்ன்சைடையே பலரும் குறைகூறுகிறார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. பள்ளச் சாலையில் லீயின் நடு அணி உடைந்தபோது, மெக்கிளெல்லனின் கீழிருந்த போர்ட்டரின் படைப்பிரிவு ஏறக்குறைய முழுமையாகப் பின்னால் காத்திருந்தது. அதை அனுப்பாதவர் பர்ன்சைட் அல்லர். மாலையில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து 17 மைல் நடந்து வந்த தென் மாநிலத் தளபதி ஏ.பி. ஹில்லின் வீரர்கள் பர்ன்சைடைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

கம்மவான்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரிசர்வ் படை இருக்கிறதே அந்த நேரத்துக்குத்தான் தம்பி" என்றார்.

18 செப்டம்பர், வியாழன்

என்னை மிகவும் வருத்துவது இந்த நாள்தான். பொட்டோமாக் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு லீ பகல் முழுவதும் அங்கேயே நின்றார், மெக்கிளெல்லனுக்குப் புதிய வீரர்களும் வந்து சேர்ந்தார்கள், அவர் தாக்கவில்லை. லீயிடம் உண்மையில் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான படை இருப்பதாக அவர் நம்பியதும், தாம் உருவாக்கிய படையை இழக்க அஞ்சியதும் அவரைக் கட்டிப்போட்டன. அன்றிரவே லீ ஆற்றைக் கடக்கத் தொடங்கினார். மெக்கிளெல்லன் தம் படையுடன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியதோ அக்டோபர் 26இல். நவம்பர் 5இல் லிங்கன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். லீ சரணடைய 1865 ஏப்ரல் வரை ஆயிற்று.