நம்ம ஊரு கல்லும் கெமிக்கல் பாண்டிங்கும்

தம்பிக்கு நாளைக்கு ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி, பாண்டிங் (அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படி சேர்ந்திருக்குங்கறது) மண்டைல ஏறவே மாட்டேங்குது, சரின்னு நம்ம சேலம் மேக்னசைட் கல்லையே எடுத்தேன். மெக்னீசியம் கார்பனேட். கார்பனுக்கும் மூணு ஆக்சிஜனுக்கும் நடுவுல கோவேலன்ட், அதாவது எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கற பாண்டு, தட்டையா, கோணம் 120 டிகிரி, ரெசொனன்ஸ் (டபுள் பாண்டு ஒரே இடத்துல நிக்காம மூணுலயும் பரவி இருக்கறது) இருக்கறதால மூணு பாண்டும் ஒரே நீளம். அந்த மொத்த கார்பனேட்டுக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவுல அயானிக், அதாவது ப்ளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் இழுத்துப் பிடிக்கிற பாண்டு. ஒரே கல்லுல ரெண்டு பாண்டுடா!

சூளைல போட்டா கார்பன் டை ஆக்சைடு போயிரும், மிச்சம் மெக்னீசியம் ஆக்சைடு. சாப்பாட்டு உப்பு 801 டிகிரில உருகிரும், இது 2800க்கும் மேல, ஏன்னா ரெண்டு அயனிக்கும் சார்ஜ் ரெண்டு ரெண்டு, சைஸும் சின்னது, அதான் எஃகு உலைக்குள்ள வைக்கிற செங்கல்ல இதைப் போடறாங்க.

"இதை ஏன்க்கா புக்ல போடல?"ங்கறான். நியாயமான கேள்விதான்.

வடிவம் எல்லாம் இன்னும் பாக்கி. அம்மோனியாவோட பாண்ட் கோணம் 107 டிகிரின்னு டக்குனு சொல்றான், தண்ணிக்கு கேட்டா முழிக்கிறான்.