அரகவா ஆற்றோரம்: மினி பைக் நாட்குறிப்பு

மார்ச் 22, 2025, சனி

என்னிடம் இருப்பது ஹோண்டா என்.எஸ்.எஃப்.100 என்ற மினி பைக், அதாவது சின்ன உருவப் பந்தய வண்டி. 2006-இல் ஜப்பானில் வந்த வண்டி. பந்தயத்துக்கென்றே செய்ததால் ரோட்டில் ஓட்ட முடியாது. 99 சிசி, ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், 12 அங்குலச் சக்கரம். எடை 80 கிலோவுக்குள். லெதர் சூட், பூட்ஸ், ஹெல்மெட் மாட்டினால் நானும் ஏறக்குறைய அவ்வளவு இருப்பேன். அதனால் செட்டிங் என்பது, அதாவது வண்டியை ஓட்டுபவருக்கேற்பச் சரிசெய்வது, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே, உட்காரும் விதத்தில் தொடங்கிவிடுகிறது.

இன்று பின் சஸ்பென்ஷன். அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, வண்டியைத் தூக்கிப் பிடித்து ஓர் அளவு, நான் முழு உடுப்போடு ஏறிக் குனிந்தபின் ஓர் அளவு. பின்பக்கம் ரொம்ப அமுங்கியது. அப்படி அமுங்கினால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, வளைவின் நடுவில் வண்டி வெளியே விலகிப் போகும். ஸ்பிரிங்கை இறுக்கி மறுபடி அளந்தோம்.

ஏப்ரல் 5, சனி

டோக்கியோவை அடுத்த சைத்தாமாவில், அரகவா ஆற்றோரம் உள்ள அகிகசே சர்க்யூட் என்ற பந்தயத் தடம். பிட்டில் (வண்டிகளை நிறுத்திச் சரிசெய்யும் இடம்) பக்கத்து இடத்துப் பெரியவருக்கு அறுபது வயது இருக்கும். நேர்பாதையில் என்னை நெருங்க மாட்டார், இரண்டு வளைவு தாண்டினால் முன்னால் போயிருப்பார். அவர் பின்னாலேயே ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை எனக்கு முன்பே பிடிக்கிறார், ஆனால் மெதுவாக. வண்டி சாயச் சாய விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார். அதனால் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) சட்டென்று எழும்பாமல் அமுங்கியே இருக்கிறது, வண்டியும் சுருக்கெனத் திரும்புகிறது. 1000 சிசி வண்டியில் வளைவில் இழந்த வேகத்தை ஆக்ஸிலேட்டர் திருப்பித் தந்துவிடும். 99 சிசியில் அது வரவே வராது. அடுத்த நேர்பாதை முழுக்க அந்தக் கடனைக் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

மதியத்துக்கு மேல் வெளிப்பக்கத் தொடையை டேங்கில் அழுத்தி, கைகளைத் தளர்வாக வைத்து ஓட்டினேன். ஹேண்டிலின் நடுக்கம் நின்றது. ஃபோர்க்கை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் 3 மில்லிமீட்டர் மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தலாம் என்றிருந்தேன். உடம்பைச் சரிசெய்ததும் அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓட்டவில்லை. 2003-இல் இதே தேதியில்தான் மோட்டார் பைக் பந்தய வீரர் டைஜிரோ கட்டோ இறந்தார். ஜப்பானின் சுசுகா தடத்தில் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு இரண்டு வாரம் நினைவு திரும்பவே இல்லை. 2001-இன் 250 சிசி உலகச் சாம்பியன், இந்த சைத்தாமாவிலேயே பிறந்தவர், மினி பைக்கைவிடவும் சின்னதான பாக்கெட் பைக்கில் தொடங்கியவர். இன்று குழந்தைகள் ஓட்டும் பாக்கெட் பைக் ஒன்றுக்கு அவருடைய பந்தய எண்ணையும் பெயரையும் சேர்த்து ‘74டைஜிரோ’ என்றே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகள்கூட அதில் முழங்கால் தரையில் உரச வளைவதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

மே 3, சனி

நேர்பாதை முடியும் முன்பே இன்ஜின் உச்ச சுழற்சியைத் தொட்டு அலறியது. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டில் கை வைக்கக் கூடாது: அங்கே ஒரு பல் மாற்றினால் பின்னால் இரண்டு மூன்று பல் மாற்றியதற்குச் சமம். பல் குறைந்ததும் செயின் தளரும், பின் அச்சைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இரு சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடும், வண்டி திரும்பக் கொஞ்சம் சோம்பும். மினி பைக்கில் அந்த மில்லிமீட்டர்கள்கூட நன்றாகத் தெரிகின்றன. செயின் தளர்வையும் ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும்.

சுற்றுக்கு அரை விநாடி குறைந்தது. முன் டயரின் வலது ஓரம் தேய்ந்துவிட்டது. 100/90-12 அளவில் டன்லப் டிடி93 டயர் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். பின் டயர் இன்னும் தாங்கும்.