பத்துத் தோட்டா மாநிலத்துக்குப் போகலாமா?

2024 மே 18, சனி. ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

மனைவிக்கு நியூ ஜெர்சியில் வேலை உறுதியாகிவிட்டது. பிரின்ஸ்டன் பக்கம், ஆகஸ்ட் கடைசியில் சேரவேண்டும். பள்ளிக்கூடம் பற்றி அவள் விசாரித்துவிட்டாள். வீட்டு வரி பற்றி நான் விசாரித்து வயிறு எரிந்து முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது மாடியில் இருக்கும் இரும்புப் பெட்டி.

அதில் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி, ஒரு பம்ப் ஷாட்கன், ஒரு ஏஆர்-15 (தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்), பையனுக்குப் பிறந்தநாளில் வாங்கிய ஏர் ரைஃபிள். எச்-1பி விசாவில் இருந்தவரை இதில் எதையும் தொட முடியாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டமே தடுக்கிறது. கிரீன் கார்டு வந்தபிறகுதான் வாங்கினேன். சனிக்கிழமை காலை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு, வழியில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வருவது. என் துப்பாக்கி வாழ்க்கை அவ்வளவுதான்.

மே 21, செவ்வாய்

எடிசனில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன். "மச்சி, உன் டெக்சஸ் துப்பாக்கி லைசென்ஸை இங்க காட்டினா கோயில்ல பிரசாதம்கூடத் தரமாட்டாங்க" என்றான். உண்மைதான். வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. இங்கே டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தகுதி உள்ள 21 வயதானவருக்குக் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போக லைசென்ஸே வேண்டாம். அங்கே துப்பாக்கி வாங்கவே முதலில் ஒரு அடையாள அட்டை. அதற்கு உள்ளூர் போலீஸில் மனு, கைரேகை, மனநல ஆவணங்களைப் பார்க்கச் சம்மதம், நல்லவன் என்று சொல்ல இரண்டு பேர். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதிச் சீட்டு, முப்பது நாளுக்கு ஒன்றுதான்.

நண்பனுக்கு மூன்று வாரத்தில் அட்டை வந்ததாம். பக்கத்து ஊரில் இருக்கும் அவன் மச்சினனுக்கு ஐந்து மாதம். ஒரே சட்டம், ஒரே படிவம். இதுதான் எனக்கு எரிச்சல். கண்டிப்பாக இருக்கட்டும், ஆனால் ஊருக்கு ஊர் மாறாமல் இருக்கட்டும்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று முழுக்க நியூ ஜெர்சி சட்டம் படித்தேன். ஷாட்கனுக்குச் சிக்கல் இல்லை. ஏஆர்-15 கிடையவே கிடையாது, 1990இலிருந்து தடை. கிளாக் போகலாம், அதில் தோட்டா அடைக்கும் மேகசின் போக முடியாது.

மேகசினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நீளக் கறுப்புப் பெட்டி. பின்பக்கம் தோட்டாக்களை எண்ணிப் பார்க்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் 15 என்று எண். அங்கே உச்சவரம்பு 10. முன்பு 15 ஆக இருந்ததை 2018இல் குறைத்தார்கள். இந்த டப்பாவைத் துப்பாக்கியே இல்லாமல் டிராயரில் போட்டு வைத்திருந்தாலும் குற்றம், பதினெட்டு மாதம்வரை சிறை. டெக்சஸில் இதைக் கடையில் பபிள்கம் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள்.

வீடு மாறும்போது துப்பாக்கியைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது: தோட்டா இல்லாமல், மூடிய பெட்டியில் அல்லது பூட்டிய டிக்கியில். வந்தபிறகு 60 நாளுக்குள் அட்டைக்கு மனு போட்டு, கொண்டுவந்த கைத்துப்பாக்கியைப் பதிவு செய்யவேண்டும். 2022இல் வந்த விதி.

பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கையும் படித்தேன். பென்சில்வேனியா லைசென்ஸ் செல்லும் என்று நினைத்து 2013இல் எல்லை தாண்டி வந்தவர். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியதும், பையில் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். அதற்காக மூன்றரை வருடக் கட்டாயச் சிறை வரை வழக்கு போயிற்று. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்தார். மறைத்து வைக்கிறவனைப் பிடிக்க எழுதிய சட்டம், வாயைத் திறந்து உண்மை சொன்னவரைத்தான் பிடித்தது.

ஜூன் 9, ஞாயிறு

பையனுக்கு இன்று அதிர்ச்சி. அவன் ஏர் ரைஃபிள் நியூ ஜெர்சியில் முழுத் துப்பாக்கிக் கணக்கில் வருகிறது. "அப்பா, அது பெல்லட்தான்!" என்கிறான். சட்டத்திடம் போய்ச் சொல்லு என்றேன். தகுந்த காரணம் சொல்ல முடியாமல் வைத்திருக்கக்கூடாத பொருள்களின் பட்டியலில் உண்டிவில்கூட இருக்கிறது. எங்கள் தெருவில் மாங்காய் அடித்த பட்டாளம் மொத்தமும் உள்ளே போயிருக்கும்.

அப்பாவிடம் போனில் சொன்னால் சிரிக்கிறார். கம்பம் பக்கம் தோட்டத்தில் பன்றி விரட்டப் பெரியப்பா ஒற்றைக்குழல் வைத்திருக்கிறார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். "ரிசல்ட் எல்லாம் வந்தப்புறம் இப்பத்தான்பா திரும்ப வாங்கிட்டு வந்தான். ரெண்டு மாசமா பன்னிக்குக் கொண்டாட்டம்" என்றார். அறுபது நாளில் பதிவு செய் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தந்தையர் தினப் பரிசாக ஒரு சண்டை.

நான் சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க உங்க பெட்டியில இருக்கறதையே பேசறீங்க. எனக்குப் பக்கத்து காருக்குள்ள என்ன இருக்குங்கறதுதான் கவலை" என்றாள்.

ஆலன் மால் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. 2023 மே 6, சனிக்கிழமை மதியம், அங்கே ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த ஓர் இளம் இன்ஜினியரும் அதில் ஒருவர். பையனுக்கு ஷூ வாங்க நாங்கள் போகிற இடம். அதற்குப்பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. சுட்டவன் கையில் ஏஆர் ரகத் துப்பாக்கிதான் இருந்தது. மாடியில் இருப்பதும் அந்த ரகம்தான் என்பதை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அப்புறம் எண்களை எடுத்தாள். 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள், லட்சம் பேருக்கு டெக்சஸில் 15.6, நியூ ஜெர்சியில் 5.2. சட்டம் தளர்வான நியூ ஹாம்ப்ஷயரிலும் டெக்சஸில் பாதி அளவுதானே என்று நான் வாதாடினேன். இன்னும் அந்த வாதத்தை விடவில்லை. வருமானம், ஊர் அமைப்பு, மனிதர்கள், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். ஆனால் நாடு முழுக்க அந்த வருடச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. "திருடன் வருவான்னு வாங்கறாங்க, யாரைக் கொல்லுது பாருங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையனுக்குப் பதின்மூன்று வயது. பெட்டியின் சங்கேத எண்ணை இரவு மாற்றினேன்.

ஜூலை 31, புதன்

நேற்று வந்த தீர்ப்பு: ஏஆர்-15ஐ வீட்டுத் தற்காப்புக்கு வைத்திருப்பதற்கு நியூ ஜெர்சி போட்ட தடை செல்லாது என்று மத்திய நீதிபதி பீட்டர் ஷெரிடன் சொல்லியிருக்கிறார். பத்துத் தோட்டா வரம்பு மட்டும் செல்லுமாம். ரேஞ்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாழ்த்து மழை, விற்காதே, காத்திரு என்று.

தீர்ப்பை அவரே முப்பது நாள் நிறுத்தி வைத்திருக்கிறார், மேல்முறையீட்டுக்காக. லாரி வரப்போவது ஆகஸ்ட் கடைசி வாரம். நீதிமன்றம் மேலே போகும், கீழே வரும். அந்த ஆட்டத்துக்கு நடுவில் நான் ஏன் பூட்டிய டிக்கியோடு மாட்டிக்கொள்ளவேண்டும்?

ஆகஸ்ட் 3, சனி

ஏஆர்-15ஐ விற்றாகிவிட்டது, லைசென்ஸ் உள்ள கடையில். தனி ஆளுக்கு விற்றிருந்தால் இருநூறு டாலராவது கூடக் கிடைத்திருக்கும். டெக்சஸில் அதற்குப் பின்னணிச் சோதனை எதுவும் தேவையில்லை. பார்க்கிங்கில் காசு வாங்கிக்கொண்டு சாவியைப் போல நீட்டிவிட்டு வரலாம். எனக்கு மனசு வரவில்லை. சட்டம் கேட்காத இடத்தில் நானே சோதனை கேட்கிறேன், கேட்கிற மாநிலத்தைத் திட்டுகிறேன். மனைவி இதைக் கவனித்துவிட்டாள். சிரித்ததோடு விட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வேலைக்குச் சேரும் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. அங்கே இடுப்பில் வைத்துச் சுற்றும் அனுமதிக்கு நான் மனு போடப்போவதில்லை. 200 டாலர் கட்டணம், இங்கேயே நான் செய்யாத காரியம்.

பதினைந்து தோட்டா மேகசின்கள் ரேஞ்ச் நண்பருக்கு. பதிலுக்குப் பத்துத் தோட்டா மேகசின் மூன்று வாங்கினேன். ஏர் ரைஃபிள் அவர் மகனுக்கு, எங்கள் வீட்டு அழுகையோடு. சாமான் ஏற்றும் கம்பெனி தோட்டாக்களைத் தொடமாட்டோம் என்றுவிட்டது, வெடிபொருள் கணக்காம். ஆக அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மிச்சத்தைச் சுட்டுத் தீர்க்கிற வேலை.

அவளும் பையனும் விமானத்தில். நான் காரில்: லிட்டில் ராக், நாஷ்வில், பிறகு ஐ-81 வழியாக வர்ஜீனியா, பென்சில்வேனியா. வாஷிங்டன் நகரத்துக்குள் நுழைவதாக இல்லை. அங்கே விதிகள் இன்னொரு ரகம். நண்பனிடம் மனுப் படிவத்தில் சாட்சியாகப் பெயர் போடலாமா என்று கேட்டிருக்கிறேன். பிரியாணி வாங்கிக் கொடுத்தால் யோசிப்பானாம்.