பல்லுக்கும் ஒரு பாய்

சின்ன வயதில் தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடித்தால், மறுநாள் விடிந்ததும் ஆச்சி வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "வயித்துல பூச்சி கெடக்குட்டி, மூச்சப் புடிச்சிட்டு முழுங்கு." பூச்சி போச்சோ இல்லையோ, பல் கடிப்பது போகவில்லை. பெரியவளான பிறகு சத்தம் மட்டும் நின்று, இறுக்கிக் கடிப்பது தங்கிவிட்டது. சத்தம் இல்லாததால் பக்கத்தில் படுத்திருக்கிற வீட்டுக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில் காதுக்கு முன்னால் தாடை கனக்கும், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தலையணையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லில் மாட்டிக்கொண்டு படுக்கிற உறை, தேட வைத்தது பல்லில் ஒட்டிய வெனீர்தான். அந்த வெனீர் எங்கே வந்தது என்றால், நான் ஆலங்குளம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பார்கள். அது மிஞ்சிய தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறை இறங்கிவிடும், அப்புறம் உப்பு, கரி, சாம்பல் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பேங்க் கவுண்டரில் வாயைப் பொத்திச் சிரித்தே பதினைந்து வருடம் ஓட்டினேன். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் துணிந்து மேல்வரிசையில் ஆறு பல்லுக்கு வெனீர் போட்டுக்கொண்டேன். அரை மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும் பீங்கான் சில்லு, பல்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிட்டுப் பசை வைத்து ஒட்டுவது, அவ்வளவுதான். ராத்திரி பல் கடிப்பீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எட்டாவது மாதம், ஒரு காலை கருப்பட்டிக் காபி குடிக்கும்போது நாக்கில் ஏதோ உரசியது. கண்ணாடியில் பார்த்தால் இடது கோரைப்பல் வெனீரின் நுனி நெல்லுமி அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. முறுக்கு, தட்டை, மனோகரம் எதையும் ஒரு வாரமாகத் தொடவில்லை. தூக்கத்தில் நானே உடைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் நைட் கார்டு வேட்டை. முதலில் ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், வெந்நீரில் போட்டு இளக்கி நாமே கடித்து அச்சு எடுத்துக்கொள்வது. வெனீர் போட்டவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் கட்சி. ஆறின பிறகு அது பல்லைக் கவ்விக்கொண்டு கழற்றவே வரவில்லை. முன்பக்கமாக இழுக்கும்போது வெனீரும் கூடவே வந்துவிடுமோ என்று வயிற்றைக் கலக்கியது. அது ஒரு மே மாதம் ஸ்கூட்டி டிக்கியில் கிடந்து கருவாடு மாதிரி சுருண்டு போனது, நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, கிளினிக்கில் அளவெடுத்துச் செய்த மெத்தென்ற கார்டு, 1,500 ரூபாய். ஈவிஏ என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். போட்ட முதல் ராத்திரி சொர்க்கம். இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்று மதினிக்கு வேறு போன் போட்டுச் சிபாரிசு செய்தேன். மூன்று வாரம் போனதும் காலையில் தாடை வலி முன்னைவிடக் கூடியது. மெத்தென்று ஏதாவது பல்லுக்கிடையில் இருந்தால் சிலருக்குத் தூக்கத்திலும் தாடை அதை மென்றுகொண்டே இருக்குமாம். 1987ல் ஜெஃப்ரி ஓக்சன் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் பத்துப் பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். கெட்டிக் கார்டு போட்டபோது எட்டுப் பேருக்கு ராத்திரி தசையின் வேலை குறைந்தது, மெத்தென்ற கார்டில் ஐந்து பேருக்குக் கூடிவிட்டது. பத்துப் பேர் என்பது சின்னக் கணக்குதான், ஆனால் அந்த ஐந்து பேர் பக்கம்தான் நான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலாவது மாதம் கடைவாய்ப் பக்கம் ஓட்டையே விழுந்துவிட்டது.

மூன்றாவதாகப் போனது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம். பழைய கார்டை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பத்தமடைப் பாய்ல படுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். என்ன கேள்வி, ஆச்சி சாகிறவரை அதில்தானே படுத்தாள், ஒருநாள் இடுப்பு வலி என்று சொன்னதில்லை. "அதேதான். கார்டும் பாய் மாதிரி இருக்கணும், மெத்தை மாதிரி இருக்கக் கூடாது" என்றார்கள்.

அவர்கள் செய்து கொடுத்தது உள்பக்கம் மெல்லிசாக மெத்தென்றும் வெளிப்பக்கம் கெட்டியாகவும் இரண்டு அடுக்காக இருக்கும். வெனீரைத் தொடுகிற பக்கம் மெது, கீழ்ப்பல் வந்து கடிக்கிற பக்கம் கெட்டி. முதலில் உடைந்த வெனீரை மாற்றிவிட்டுத்தான் அளவே எடுத்தார்கள், ஏனென்றால் பல்லின் உருவம் மாறினால் கார்டு உட்காராது. மாவு பிசைந்து வைக்காமல், பேனா மாதிரி ஒரு ஸ்கேனரை வாய்க்குள் சுற்றி எடுத்தார்கள், ஓங்கரிப்பு வரவில்லை. கீழ்வரிசைக்குச் செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், நாக்குக்கு இடைஞ்சல் குறையும், வெனீரைப் பிடித்து இழுக்கிற வேலையும் இல்லை, சிலருக்கு அதுதான் தோது என்றார்கள். ஆனால் எனக்கு ஆறும் மேலே வரிசையாக இருப்பதால் மேலேயே மூடிவிடலாம், வெனீர் ஓரங்களில் கவ்வாமல் தளர்த்திவிடுகிறேன், பிடிமானம் கடைவாய்ப் பல்லில் இருக்கட்டும் என்று முடிவு. அதனால் கழற்றும்போது முன்னால் கை வைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் கடைவாயில் விரல் நகத்தைக் கொடுத்து ஒரே நேரத்தில் இறக்க வேண்டும்.

ஆனால் சுகம் என்பது பொருளில்கூட இல்லை, நீலக் காகிதத்தில்தான் இருக்கிறது என்பேன். கார்பன் பேப்பர் மாதிரி மெல்லிய தாள். கார்டைப் போட்டு, தாளை நடுவில் வைத்து, "தட்டுங்க, தட்டுங்க, இப்ப இடப்பக்கம் தேய்ங்க" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் கார்டின்மேல் நீலப் புள்ளிகள். எனக்கு வலது கடைவாயில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு பெரிய பொட்டு, மற்ற இடமெல்லாம் மங்கல். அந்த ஒரு பொட்டில்தான் ராத்திரி முழுப் பாரமும் விழும். கொஞ்சம் ராவுவது, மறுபடி தாள், மறுபடி ராவுவது என்று நாற்பது நிமிடம், இரண்டு பக்கமும் கடுகு தூவினாற்போல் ஒரே சீராகப் புள்ளி விழும்வரை. தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கடைவாய்ப் பற்கள் தொடாமல் விலகுகிறதா என்றும் பார்த்தார்கள். முந்தின இடத்தில் கார்டைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அது ஞாபகம் வந்து வயிறெரிந்தது. ஆகவே கார்டு வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், போட்ட பிறகு ராவிக் கொடுப்பீர்களா, இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தால் பார்ப்பீர்களா என்று கேளுங்கள்.

முன்பல்லில் மட்டும் மாட்டுகிற சின்னக் கார்டு ஒன்று இருக்கிறது. பார்க்க அடக்கமாக இருக்கும், ஆசை காட்டும். கடிக்கிற பாரமெல்லாம் முன்பல்லுக்கு வரும் என்பதால், வெனீர் இருக்கிற எனக்கு அது ஆகவே ஆகாது என்றார்கள். பலமாகக் குறட்டை விடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூச்சு அடைப்பு இருந்தால் வைத்தியமே வேறு.

பழக எனக்குப் பத்து நாள் ஆனது. முதல் இரண்டு ராத்திரி எச்சில் ஊறித் தலையணை நனைந்தது, மூன்றாம் நாள் விடியலில் கார்டு போர்வைக்குள் கிடந்தது. காலையில் கழற்றியதும் பல்வரிசை சற்று மாறினாற்போல் இருக்கும், பல் தேய்த்து முடிப்பதற்குள் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாவிட்டால் உடனே போய்க் காட்ட வேண்டும். இறுக்குவதை இது நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடி பிளாஸ்டிக்கில் விழுகிறது, அவ்வளவுதான். பகலில் கவுண்டரில் கூட்டம் சேர்ந்தால் இன்னமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும் என்று மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

கழுவப் பச்சைத் தண்ணீர், பழைய சாஃப்ட் பிரஷ் போதும். பேஸ்ட் கீறும், வெந்நீர் கோணலாக்கும். ஒருநாள் டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்ததை அம்மா குப்பை என்று வாரிக்கொண்டு போய்விட்டாள். 5,500 ரூபாய் சாமானை வாசலில் வாழையிலைக்கு அடியில் கிளறி எடுத்தேன். இப்போது அதற்கு மூடியில் துளை போட்ட ஒரு டப்பா இருக்கிறது, மேலே அம்மாவின் கையெழுத்தில் "பல்லு" என்று எழுதியிருக்கிறது.

போன வாரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கோரைப்பல் இருக்கிற இடத்தில் நகம் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம்.