துணியில் பிளாஸ்டிக் பிடிக்குமா?

புதுச்சேரியில் துணிப்பைகள் தைத்து விற்கும் தோழி ஒருவர், த்ரீ-டி பிரிண்டர் கொண்டு துணியின் மேலேயே உருவங்களை அச்சிட எந்தப் பிலமென்ட் (பிரிண்டர் உருக்கி அச்சிடும், கம்பி போன்ற பிளாஸ்டிக்) வாங்கலாம் என்று கேட்டார். எந்தத் துணி என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன். இங்கே பசை என்று எதுவும் இல்லை. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் உருகி வரும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக், நூல்களுக்கு இடையே இறங்கி, இழைகளைச் சுற்றி வளைத்து இறுகிக்கொள்வதால்தான் பெரும்பாலும் பிடிப்பு உண்டாகிறது.

ஆகவே வழவழப்பான பாலியெஸ்டரைக் காட்டிலும், குறிஞ்சிப்பாடித் தறிகளில் நெய்யப்படுவது போன்ற சொரசொரப்பான பருத்தித் துணி இதற்கு ஏற்றது. ஆனால் நெசவுக்கு முன் பாவுக்கு (நீளவாட்டு நூல்களுக்கு) போட்ட கஞ்சி புதுத் துணியில் தங்கியிருந்து இழைகளை மூடிக்கொள்ளும் என்பதால், வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைத்த பிறகே அச்சிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பிரிண்டர் முனைக்கும் துணிக்கும் உள்ள இடைவெளி. பிரிண்டரின் வெறும் அச்சுத் தட்டுக்குச் சரிசெய்த உயரம் துணிக்குப் பொருந்தாது. துணியின் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடைவெளி கூடினால் உருகிய பிளாஸ்டிக் மேலோட்டமாகப் படிந்து, நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். மிகவும் குறைந்தால் முனை துணியை இழுத்துச் சுருக்குவதோடு, பிளாஸ்டிக் வெளிவர வழியின்றி அடைத்தும் கொள்ளும். கைத்தறித் துணியின் கனம் இடத்துக்கு இடம் சற்று மாறுவதால், அதைத் தட்டில் இழுத்துக் கிளிப் போடுவதில் எவ்வளவு பொறுமை காட்டினாலும் தகும்.

பிடிப்பைச் சோதிக்க, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் அசையாத அச்சுகூட ஓரத்திலிருந்து உரியக்கூடும். உரிந்த பிளாஸ்டிக்கின் அடியில் பஞ்சு இழைகள் ஒட்டியிருந்தால் அது உள்ளே இறங்கியிருக்கிறது என்று அறியலாம். சுத்தமாக வந்தால் இறங்கவில்லை. கூர்மையான மூலைகள்தான் முதலில் தூக்கும் என்பதால், உருவங்களின் மூலைகளை வளைவாக அமைப்பது நல்லது.

வலைத்துணி என்றால் வேறு வழி உண்டு: சில அடுக்குகளை அச்சிட்டு நிறுத்தி, வலையை மேலே விரித்து, மீண்டும் தொடர்ந்தால், கண்ணிகளின் வழியே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கே இணைந்துவிடும்.

பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் இஸ்திரிப் பெட்டியைத் தாங்காது. மடித்து எடுத்துச் செல்லும் பைக்கு, துணியோடு சேர்ந்து வளையும் டி.பி.யூ. என்னும் பிளாஸ்டிக்கையே நான் பரிந்துரைப்பேன். அது ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்வதால், நம் கடற்கரைக் காற்றில் ஒவ்வொரு முறையும் உலர்த்திய பிறகே பிரிண்டரில் மாட்ட வேண்டும்.