நடப்புப் பண்பும் சாத்தியப் பண்பும்: செமினாருக்கும் வைவாவுக்கும் படிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்கள் குவாண்டம் அளவீட்டுச் சிக்கலை (அளக்கும்போது ஒரே ஒரு விடை எப்படி வருகிறது என்ற கேள்வியை) செமினார் தலைப்பாக எடுத்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சாத்தியப் பண்பு என்றால் ‘இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரியாது’ என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு முழுக்கச் சரியாக இருந்தாலும் வைவாவில் இந்த ஒரு வரி போதும், மொத்தமும் ஆட்டம் காணும்.

வரையறையை ஜெனீவாவின் கான்ஸ்டன்டின் பிரோன் வகுத்த வடிவில் படியுங்கள். ஒரு பண்புக்கு ஓர் ஆம்/இல்லை சோதனையை வையுங்கள். சோதித்தால் ‘ஆம்’ என்பது நிச்சயம் என்றால், சோதிக்காமலேயே அது நடப்புப் பண்பு. நிச்சயம் இல்லையென்றால் சாத்தியப் பண்பு. ‘இல்லை’ என்பதே நிச்சயம் என்றால், எதிர்ப்பண்பு நடப்பில் இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள்.

இதை ஸ்டெர்ன்–கெர்லாக் அமைப்பில், அதாவது சீரற்ற காந்தப்புலத்தால் துகள்களை அவற்றின் ஸ்பின் (உள்ளார்ந்த கோண உந்தம்) படி ‘மேல்’, ‘கீழ்’ என்று பிரிக்கும் அமைப்பில் வைத்துப் பாருங்கள். எக்ஸ் திசையில் ‘மேல்’ என்று தயார் செய்த ஸ்பின் அரை துகளுக்கு, எக்ஸ் ஸ்பின் நடப்பு. இசட் ஸ்பின் சாத்தியம். ‘மேல்’ வர நிகழ்தகவு 1/2. தயார் செய்த திசைக்கு 60 பாகை சாய்வில் அளந்தால், பாதிக் கோணமான 30 பாகையின் கொசைன் வர்க்கம், அதாவது 3/4. முக்கால் வந்தாலும் அது நடப்பு ஆகாது. 1 மட்டுமே நடப்பு. இசட் திசையில் அளந்த பிறகு இசட் நடப்புக்கு வரும், எக்ஸ் மீண்டும் சாத்தியத்துக்குப் போய்விடும். பழைய எக்ஸ் விடையையும் சேர்த்து ‘இரண்டும் தெரிந்துவிட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இனி அந்தச் சறுக்கலுக்கு வருவோம். வளவில் பூட்டிக் கிடக்கும் அறைக்குள் அண்டா இருக்கிறதா இல்லையா என்பது கதவைத் திறக்கும் முன்பே முடிவான விஷயம்; அங்கே குறைவது நம் அறிவு மட்டும். இதற்கு ஒத்தது கலப்பு நிலை. பாதித் துகள்கள் இசட் மேல், பாதி இசட் கீழ் என்று கலந்த கற்றையின் அடர்த்தி அணியில் (நிலையின் நிகழ்தகவுகளைத் தரும் 2×2 அணியில்) மூலைவிட்டத்தில் 1/2, 1/2. மற்ற இரண்டும் 0. எக்ஸ் மேல் என்ற தூய நிலையிலோ நான்கு உறுப்புகளும் 1/2. இசட் அளவீடு இரண்டையும் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் பாதிக்குப் பாதிதான். எக்ஸ் திசையில் அளந்தால் கலப்பு பாதிக்குப் பாதி தரும், தூய நிலை எல்லாத் துகளுக்கும் ‘மேல்’ தரும். இந்த இரண்டு அணிகளையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள். அறியாமைக்கும் சாத்தியத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஹைசன்பர்க் 1950-களில் அரிஸ்டாட்டிலின் ‘சாத்தியம்’ என்ற கருத்தை மீட்டெடுத்ததைக் குறிப்பிடலாம். குன்றக்குடி மடத்துப் பக்கம் சைவ சித்தாந்தம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு உடனே சற்காரியவாதம் நினைவு வரும். ஒப்பிடுவது நல்லதுதான்; ஆனால் எந்தக் காரியம் வெளிப்படும் என்பது காரணத்திலேயே அடங்கியிருக்கிறது என்பது அந்த வாதம். குவாண்டம் நிலை நிகழ்தகவை மட்டுமே தருகிறது. இந்த வேறுபாட்டை எழுதாமல் ‘நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று முடிப்பது இரண்டு சிந்தனைகளுக்கும் செய்யும் அநீதி.

‘எல்லாப் பண்புக்கும் முன்பே மதிப்பு இருந்தால் என்ன?’ என்பது கட்டாயம் வரும் கேள்வி. விடை, அளக்கும் சூழலைப் பொறுத்து மாறாத மதிப்பை எல்லாப் பண்புக்கும் முன்பே கொடுக்க முடியாது என்று காட்டும், 1967-ல் வந்த கோகென்–ஸ்பெக்கர் தேற்றம். மூலச் சான்றில் 117 திசைகள் உண்டு. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரெஸ்–மெர்மின் சதுரம் போதும். இரண்டு ஸ்பின் அரை துகள்கள், பாலி அணிகள் (எக்ஸ், ஒய், இசட் திசை ஸ்பினைக் குறிக்கும் 2×2 அணிகள்) கொண்ட ஒன்பது கட்டங்கள். முதல் வரிசை: முதல் துகளின் எக்ஸ், இரண்டாவதின் எக்ஸ், இரண்டின் பெருக்கல். அடுத்தது: இரண்டாவதின் ஒய், முதலின் ஒய், இரண்டின் பெருக்கல். மூன்றாவது: எக்ஸ்–ஒய் (முதலின் எக்ஸும் இரண்டாவதின் ஒய்யும் பெருக்கியது), அதேபோல ஒய்–எக்ஸ், இசட்–இசட். ஒவ்வொரு வரிசையின் பெருக்கலும் +1. நெடுவரிசைகளில் முதல் இரண்டு +1, கடைசி மட்டும் −1. ஒவ்வொரு கட்டத்துக்கும், எந்தத் துணையோடு அளந்தாலும் மாறாத +1 அல்லது −1 முன்பே இருந்திருந்தால், ஒன்பதின் பெருக்கல் வரிசை வழியாக +1, நெடுவரிசை வழியாக −1. முரண். பாலி அணிகளின் பெருக்கலில் குறி தவறுவது சகஜம், ஆகவே கடைசி நெடுவரிசையைக் கையால் போட்டுப் பழகுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தத் தேற்றத்துக்கு ஹில்பர்ட் வெளியின் (குவாண்டம் நிலைகள் அமையும் திசையன் வெளியின்) பரிமாணம் குறைந்தது 3 வேண்டும். ஒற்றை ஸ்பின் அரை துகளுக்கு அதைச் சொன்னால் தவறு. அங்கே மறைமாறி மாதிரி (நமக்குத் தெரியாத மாறிகள் விடையை முன்பே முடிவு செய்யும் மாதிரி) கட்ட முடியும் என்று இயற்பியலாளர் ஜான் பெல் காட்டியிருக்கிறார். டேவிட் போமின் மறைமாறிக் கொள்கையைக் காட்டி மடக்கினால் பதறத் தேவையில்லை. அதில் இருப்பிடம் எப்போதும் நடப்பு, ஸ்பின் விடை கருவி வைக்கும் சூழலைப் பொறுத்தது. ஆகவே தேற்றத்தோடு மோதல் இல்லை.