ஆஸ்கர் வாயைத் திறக்கும் நேரம்

பழ ஈயின் முட்டையைப் பார்ப்பதைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. பெண் ஈக்களுக்கு ஈஸ்ட் பசை போட்டு ஓரிரு நாள் நன்றாகத் தின்ன விட வேண்டும். அப்புறம் ஃபோர்செப்ஸால் வயிற்றைப் பிரித்துச் சூலகத்தை எடுத்து, கோத்த மணிகள் போல வரிசையாக இருக்கும் முட்டை அறைகளைக் கிழியாமல் பிரிக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மீதியை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

ஒவ்வோர் அறைக்குள்ளும், சுற்றியிருக்கும் உறைச் செல்களை விட்டுவிட்டால், 16 செல்கள். ஒன்றுதான் முட்டையாகும், மற்ற 15-ம் அதற்கு ஊட்டம் தரும் செவிலிச் செல்கள். ஆஸ்கர் என்ற மரபணுவின் ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான அதன் செய்தி நகல், செவிலிச் செல்களில் உருவாகி, இடையிலுள்ள துளைகள் வழியாக முட்டைக்குள் வந்து, பின்முனைக்குப் போய்ச் சேர வேண்டும். ஈயின் வயிறும் அடுத்த தலைமுறைக்கான இனச்செல்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பாடநூலில் இந்தப் பயணத்துக்கு நேராக ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். உயிருள்ள முட்டையில், ஒளிரும்படி செய்த ஆர்என்ஏவைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலான புள்ளிகள் சும்மா நிற்கின்றன. சில முன்னே, பின்னே, குறுக்கே என்று ஓடுகின்றன. பின்முனைப் பக்கம் போவது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! அந்தக் கொஞ்சமே நேரம் போகப் போகச் சேர்ந்து பின்முனையில் பிறை வடிவில் தெரிகிறது. ஸ்டாஃபென் என்ற புரதம் இல்லாத ஈக்களில் அந்தப் பிறையைப் பார்க்க முடியாது.

சரி, போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. வழியில் வாயைத் திறக்கவும் கூடாது. ப்ரூனோ என்ற புரதம் ஆர்என்ஏவின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து ஆஸ்கர் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை 1992-ல் ஆன் எஃப்ருஸி, ரூத் லேமன் என்ற உயிரியலாளர்கள் காட்டினார்கள். ஆஸ்கரை முன்முனைக்குத் திருப்பிவிட்டதும், தலை வர வேண்டிய பக்கம் இன்னொரு வயிறு முளைத்தது, இனச்செல்களும் அங்கே தோன்றின.

2006-ல் எஃப்ருஸியின் குழு சொன்னதுதான் என்னை இன்னும் குடைகிறது. ஆஸ்கர் புரதம் மட்டும் இல்லாத ஈக்கள் முட்டையிடுகின்றன. ஆர்என்ஏவும் சேர்ந்து இல்லாவிட்டால் முட்டை வளர்ச்சி ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது. புரதமாக மாறாத அந்த வால் பகுதியை மட்டும் கொடுத்தால் மறுபடி வளர்கிறது. அந்த வால் ப்ரூனோவைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. யாருக்கு யார் காவல் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வராது.

இப்போதெல்லாம் ஆஸ்கர் மரபணு பழுதான புது மியூட்டன்ட் ஈ கைக்கு வந்தால், போனது புரதம் மட்டுமா, ஆர்என்ஏவுமா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.